மாசிச் சம்பலுக்கு எத்தனை புள்ளி?

மாசிச் சம்பலில் போடுகிற மாசி மீன் கணக்கில் சேருமா, சேராதா? உணவுத் தரவு சேகரிக்கும் வேலைக்கு ஆள் எடுக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தால், நேர்முகத்தில் முதலில் இதைத்தான் கேட்பேன். டப்லெட்டைத் திறப்பது, ஜி.பி.எஸ். பிடிப்பது, படிவத்தை அனுப்புவது எல்லாம் ஒரு பின்னேரத்தில் பழகக்கூடியவை. சம்பல் கேள்வியில் பிழைவிட்டால் ஒரு வீட்டின் பசி கணக்கிலேயே வராமல் போய்விடும்.

எப்படியென்று பாருங்கள். உலக உணவுத் திட்டம் பயன்படுத்தும் ‘உணவு நுகர்வுப் புள்ளி’ என்ற அளவுகோல், கடந்த 7 நாளில் எந்த வகை உணவை எத்தனை நாள் சாப்பிட்டீர்கள் என்று கேட்கிறது. சோறு, பாண், பிட்டு, கிழங்கு வகைக்கு நாளொன்றுக்கு 2 புள்ளி. பருப்பு, கடலைக்கு 3. மரக்கறிக்கு 1, பழத்துக்கு 1. மீன், இறைச்சி, முட்டைக்கு 4, பாலுக்கும் 4. எண்ணெய்க்கும் சீனிக்கும் அரை அரை. எண்ணெயும் சீனியும் அநேகமாக எல்லா நாளும் சேரும் ஊர்களில், 28 வரை எடுத்த வீடு மோசமான நிலையில் இருக்கிறது. 42 வரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. அதற்கு மேல் போனால் போதுமான நிலை.

இப்போது ஒரு வீட்டை எடுப்போம். ஏழு நாளும் சோறு: 14. ஏழு நாளும் எண்ணெய், சீனி: 7. நாலு நாள் மரக்கறி: 4. இரண்டு நாள் பருப்பு: 6. மொத்தம் 31, எல்லைக்கோட்டு வீடு. அங்கே தினமும் காலையில் மாசிச் சம்பல் இருந்தது என்பதற்காகக் கணக்கெடுக்கப் போனவர் ‘மீன், 7 நாள்’ என்று அழுத்துகிறார். 28 கூடி 59 ஆகிறது. தேத்தண்ணிக்குப் போட்ட ஒரு கரண்டி பால்மாவைப் பார்த்து ‘பால், 7 நாள்’ என்றும் அழுத்தினால் 87. கடனுக்கு அரிசி வாங்கிய வீடு, கொழும்பில் உள்ள அதிகாரியின் திரையில் வசதியான வீடாகிவிட்டது. விதி என்னவென்றால், ருசிக்கும் வாசனைக்கும் கொஞ்சமாகச் சேர்ப்பவை மிளகு, மல்லியோடு ஒன்றாய்ச் சேரும். புள்ளி பூச்சியம்.

இந்த விதியைக் கையேட்டில் படித்தவர்கள் பலர். அடுப்படியில் நின்று அதைச் சரியாகப் பிரயோகிக்கத் தெரிந்தவர்கள் சிலர். மன்னார் மாவட்டத்து மீன்பிடி ஊரான பேசாலையில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு இரண்டாவது கூட்டத்தில் இடம்பிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. உயர்தரம் முடித்துவிட்டு ‘இனி என்ன செய்யலாம்’ என்று இருக்கிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்ல வருவது இதுதான்.

வேலை யாரிடம் இருக்கிறது

2022இல் பொருளாதாரம் விழுந்தபோது, ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனமும் உலக உணவுத் திட்டமும் சேர்ந்து நடத்திய மதிப்பீடு, இலங்கையில் 63 லட்சம் பேர் உணவுப் பாதுகாப்பு இல்லாமல் இருப்பதாகச் சொன்னது. 2023இல் அதே மதிப்பீடு மறுபடி நடந்தது. எண்ணிக்கை 39 லட்சத்துக்கு இறங்கியிருந்தது. ஆனால் நிலைமை அப்போதும் மோசமாக இருந்த மாவட்டங்களின் வரிசையில் கிளிநொச்சி, நுவரெலியா, மட்டக்களப்பு, வவுனியா, யாழ்ப்பாணம் ஆகியவற்றோடு மன்னாரின் பெயரும் இருந்தது. இப்படியான வரிசையை வைத்துத்தான் எந்த மாவட்டத்துக்கு எந்த உதவி போவது என்ற பேச்சு நடக்கிறது. அந்த எண்களுக்கு அடியில் யாரோ ஒருவர் வீடு வீடாகப் போய், அல்லது போனில் அழைத்து, ‘என்ன சாப்பிட்டீர்கள்’ என்று கேட்டிருக்கிறார். வேலை என்று நான் சொல்வது அவர் செய்ததைத்தான்.

ஆள் எடுப்பவர்களை மூன்றாகப் பிரிக்கலாம். ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும், பெரும்பாலும் தாங்கள் நேரடியாக இல்லாமல் ஆய்வு நிறுவனங்கள் வழியாக, சில வாரங்களுக்குக் கணக்கெடுப்பாளர்களை எடுப்பார்கள். பல்கலைக்கழக ஆய்வுகள் இன்னொரு பக்கம். ஆள் குறைவு, பயிற்சி நல்லது. மூன்றாவது அரச சுகாதாரப் பகுதி. குடும்பநல உத்தியோகத்தர்கள் எடுக்கும் தாய் சேய் விபரங்களைக் குடும்ப சுகாதாரப் பணியகம், ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் உருவான டி.எச்.ஐ.எஸ்.2 மென்பொருளில் ஏற்றித்தான் பார்க்கிறது. அதற்குள் போக அரச நியமனம் வேண்டும். ஆனால் மற்ற இரண்டு இடத்திலும் அந்த மென்பொருளின் பெயர் தெரிந்தவருக்கு மதிப்பு உண்டு.

நிரந்தர வேலை என்று நினைத்து இதற்குள் வராதீர்கள். ஒப்பந்தம் முடிந்தால் அடுத்தது வரும்வரை கை காயும். ஒரே ஆள் மூன்று நாலு ஆய்வுகளில் நன்றாகச் செய்தால் மேற்பார்வையாளர் ஆகலாம். படிவம் கட்டத் தெரிந்தால் ஊரில் இருந்தபடியே வேறு மாவட்டத்து வேலையும் எடுக்கலாம். அங்கேதான் காசும் கொஞ்சம் நிற்கும்.

கருவிகள்: குறைவாகப் பழகுங்கள், முழுதாகப் பழகுங்கள்

முதலில் கோபோடூல்பொக்ஸ். ஹார்வர்ட் மனிதாபிமான முன்னெடுப்பில் வளர்ந்தது. நிவாரண உலகம் முழுக்கப் பரந்து கிடக்கிறது. சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். இலவசக் கணக்கு ஒன்று திறந்து இன்றே தொடங்கலாம். இணையத்தில் இழுத்துப்போட்டுக் கேள்வி கட்டும் முறையோடு நிற்காமல், எக்செல் தாளில் படிவம் எழுதும் முறையைப் பழகுங்கள். ஒரு தாளில் கேள்விகள், இன்னொன்றில் விடைத் தெரிவுகள், மூன்றாவதில் அமைப்புகள். தமிழுக்கு ஒரு நிரல், சிங்களத்துக்கு ஒரு நிரல், ஆங்கிலத்துக்கு ஒரு நிரல் போட்டால் ஒரே படிவம் மூன்று மொழியிலும் ஓடும். தமிழ் நிரலை ஒழுங்காக எழுதக்கூடிய ஆளுக்கு எப்போதும் தட்டுப்பாடு. இயந்திர மொழிபெயர்ப்பில் வந்த கேள்வியைப் படித்துவிட்டு ஒரு அம்மா ‘இது என்ன பிள்ளை, பாதர் பிரசங்கம் மாதிரி இருக்கு’ என்று கேட்டால், பிழை அம்மாவுடையது இல்லை.

இரண்டாவது, உணவுப் பன்முகக் கணக்கு. 15 முதல் 49 வயதுப் பெண் நேற்றுச் சாப்பிட்டதைப் பத்துத் தொகுதியாகப் பிரித்து, குறைந்தது ஐந்து வந்ததா என்று பார்க்கும் முறை. உணவு விவசாய நிறுவனம் 2016இல் வெளியிட்ட கையேட்டில் இருக்கிறது. இங்கே ஊர்ச் சமையல் தெரிந்தவருக்கு வேலை சுலபம். முருங்கையிலை ஒரு தொகுதி, முருங்கைக்காய் வேறொரு தொகுதி. பூசணி மஞ்சள் நிற மரக்கறித் தொகுதிக்குப் போகும், கத்தரி போகாது. இந்த நிறுவனத்தின் இணையவழிப் பாடங்கள் இலவசம், சான்றிதழும் எடுக்கலாம்.

மூன்றாவதுதான் பெரிய வேலை: 24 மணிநேர நினைவுமீட்டல். நேற்று முழுக்க உண்டது, குடித்தது எல்லாவற்றையும் அளவோடு எடுப்பது. பிரித்தானியாவின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் உருவான இன்டேக்24 என்ற கருவியைத் தெற்காசிய உயிர்வங்கி ஆய்வுக்காக இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ் உணவுகளுக்கு ஏற்ப மாற்றியிருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உணவுகள். அளவைக் காட்டுவதற்குப் படங்கள் வரும்; இந்தத் தட்டா, அந்தத் தட்டா என்று கேட்கலாம். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் இன்டெக்ஸ்24 இதே இனம். வியட்நாமிலும் புர்கினா ஃபாசோவிலும் காகிதப் படிவத்தோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள்.

பட்டியல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் தெரிவு செய்கிற விரல் உங்களுடையது. ‘ரொட்டி’ என்று தேடினால் சப்பாத்தி முதலில் வந்து நிற்கக்கூடும். நமது தேங்காய்ப்பூ ரொட்டியில் இருக்கிற கொழுப்பு அதில் இல்லை. அரிசிமாப் பிட்டு, கோதுமைமாப் பிட்டு, ஒடியல்மாப் பிட்டு மூன்றையும் ஒன்றாய்ப் போட்டுவிட்டு வருகிறவரை எந்தச் செயலியும் தடுக்காது.

கேட்கிற கலை

“அன்ரி, நேற்று விடிய எழும்பினதில இருந்து படுக்கப் போகுமட்டும் என்னென்ன சாப்பிட்டனீங்கள், குடிச்சனீங்கள்?”

“வழமையாச் சாப்பிடுறதுதான் பிள்ளை. காலமை பாண், மத்தியானம் சோறும் மீனும், இரவைக்குப் பிட்டு.”

இந்தப் பதிலை அப்படியே அழுத்திவிட்டு எழும்பி வருகிறவர்தான் அதிகம். அன்ரி சொன்னது நேற்றை அல்ல, ‘வழமையை’. நேற்று அந்த வீட்டில் மீனே இல்லாமல் இருந்திருக்கலாம். மீன் இல்லை என்று மீன்பிடி ஊரில் வாய்விட்டுச் சொல்ல யாருக்கும் விருப்பமில்லை.

அமெரிக்க விவசாயத் திணைக்களம் இதற்கு ஐந்து சுற்று முறை வைத்திருக்கிறது. முதலில் குறுக்கிடாமல் பட்டியலைச் சொல்ல விடுவது. அடுத்து மறந்தவற்றை ஞாபகப்படுத்துவது. பிறகு நேரமும் சந்தர்ப்பமும். பிறகு ஒவ்வொன்றுக்கும் அளவும் செய்முறையும். கடைசியாக ‘வேறு ஏதும்?’ என்ற ஒரு கேள்வி. இவற்றில் நம்மவர்கள் கோட்டை விடுவது இரண்டாவதில். பேசாலைக்கென்று ஒரு மறதிப் பட்டியலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்: தேத்தண்ணியோடு கடித்த பனங்கட்டி, பொழுதுபோக்காய்ச் சப்பிய புழுக்கொடியல், பஸ்ஸில் வாங்கிய கச்சான், பிள்ளை மிச்சம் வைத்த பணிஸ், கறி இறக்கும்போது உப்புப் பார்த்த பேரில் தின்ற இறால். தேத்தண்ணி எத்தனை என்று கேட்டால் போதாது. ஒவ்வொன்றிலும் எத்தனை கரண்டி சீனி என்றும் கேட்க வேண்டும்.

ஆட்கள் குறைத்துச் சொல்வது புதிதல்ல. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 484 பேரை வைத்து நடத்தி 2003இல் வெளியிட்ட ‘ஓப்பன்’ ஆய்வில், விசேடமாகத் தயாரித்த நீரைக் குடிக்கக் கொடுத்து உடல் உண்மையில் செலவிட்ட சக்தியை அளந்தார்கள். 24 மணிநேர நினைவுமீட்டலில் ஆண்கள் 12 முதல் 14 வீதமும் பெண்கள் 16 முதல் 20 வீதமும் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். இது வசதியான நாட்டுக் கதை. நிவாரணம் வருமோ என்ற எதிர்பார்ப்பு இருக்கிற இடத்தில் குறைத்தலும் கூடும், வெட்கம் இருக்கிற இடத்தில் கூட்டலும் கூடும். ‘இந்தப் பதிலால் உங்களுக்கு எதுவும் கூடாது, குறையாது’ என்று முதலிலேயே சொல்லுங்கள். உண்மையாகவும் அதுதான் என்றால் மட்டும் சொல்லுங்கள்.

அளவு இன்னொரு தலையிடி. சுண்டு என்று சொன்னால் எந்தச் சுண்டு? பால்மா ரின்னில் அளக்கிற வீடும் உண்டு, கடை அளவுச் சுண்டு வைத்திருக்கிற வீடும் உண்டு. சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி, உங்கள் வீட்டிலும் அயல் வீடுகளிலும் இருக்கிற சுண்டு, அகப்பை, கோப்பை எல்லாவற்றிலும் சோறும் மாவும் போட்டு நிறுத்து எழுதிவையுங்கள். பிற்பாடு அந்தக் கொப்பி உங்களுக்குப் பணம் தரும்.

ஒடியற்கூழ் வந்தால் பலர் திணறுவார்கள். பட்டியலில் ‘சூப்’ என்று ஒன்றைத் தேடி அழுத்திவிட்டுத் தப்புவார்கள். சரியான வழி, சட்டிக்குள் போனதைத் தனித்தனியே கேட்பது: ஒடியல்மா எவ்வளவு, மீன் எவ்வளவு, நண்டு, இறால், பயற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை. பிறகு மொத்தக் கூழ் எவ்வளவு, இவர் குடித்தது எவ்வளவு. 4 கிலோ கூழில் 400 கிராம் குடித்திருந்தால் பத்தில் ஒரு பங்கு. சட்டியில் 600 கிராம் மீன் விழுந்திருந்தால் இவருக்கு 60 கிராம். நண்டுக்கு ஓட்டைக் கழிக்க மறக்காதீர்கள். நெத்தலியை முள்ளோடு தின்றாரா, முள் எடுத்தாரா என்பதையும் கேளுங்கள். கல்சியம் முள்ளில்தான் இருக்கிறது.

‘நேற்று’ எந்த நாள்?

வெளியூர்க் குழுக்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். குழு செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் பேசாலைக்கு வந்தால் ‘நேற்று’ எப்போதும் திங்களாகவே இருக்கும். ஞாயிறு கடலுக்குப் போகாத வீடுகளில் திங்கட்கிழமைச் சட்டி வேறு மாதிரி இருக்கும். தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் வாரத்தில் திங்கள், புதன், சனி என்று குறிப்பிட்ட இரவுகளில் வருவதும், வலை அறுந்துவிடும் என்று நம்மவர்கள் அந்த இரவுகளில் கரையிலேயே நிற்பதும் வடக்குக் கரை முழுக்கத் தெரிந்த கதை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தமிழ்நாட்டில் மீன்பிடித் தடைக்காலம். அப்போது எடுத்த தரவையும், வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கிற மாதங்களில் எடுத்ததையும் பக்கத்தில் வைத்து ‘நிலைமை மோசமாகிவிட்டது’ என்று அறிக்கை எழுதினால் அது காற்றைப் பற்றிய அறிக்கைதான். தபசுகால வெள்ளி, வெற்றி அன்னை திருவிழா, பக்கத்து முஸ்லிம் ஊர்களில் நோன்பு மாதம், இவற்றையெல்லாம் ஒரு நாட்காட்டியாக்கி மேற்பார்வையாளரிடம் கொடுங்கள். நோன்பு பிடிப்பவரிடம் ‘விடிய எழும்பினதில இருந்து’ என்று கேட்டால் ஸஹர் சாப்பாடு தவறிப்போகும் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். சம்பளப் பட்டியலில் இப்படிப்பட்ட யோசனைக்குத் தனி வரி இல்லை, ஆனால் அடுத்த ஒப்பந்தத்துக்கு முதல் அழைப்பு யாருக்கு வருகிறது என்பதை இது தீர்மானிக்கும்.

கடலுக்குப் போகிறவர் போட்டில் என்ன சாப்பிட்டார் என்று மனைவியிடம் கேட்டு எழுதுவதும் கூடாது. கட்டிக் கொடுத்தது அவருக்குத் தெரியும், சாப்பிட்டது தெரியாது. விடியப்புறம் கரைக்கு வந்தவர் மத்தியானம் நித்திரையில் இருப்பார். ஒபிஸ் நேரத்தில் மட்டும் கதவு தட்டுகிற கணக்கெடுப்பில் ஆண்கள் குறைவாக விழுவதற்குக் காரணம் இது. பின்னேரம் வலை பொத்துகிற நேரம்தான் பேச வசதி.

படம் எடுத்தால் போதாதா?

தட்டைப் படம் பிடித்தால் கலோரி சொல்கிற செயலிகள் இப்போது நிறைய. பெங்களூரில் தொடங்கிய ஹெல்திஃபைமி போன்றவை இந்திய உணவுகளை வைத்து இதில் தூரம் போயிருக்கின்றன. தன் உடம்பைக் கவனிக்க விரும்புகிற ஒருவருக்கு அவை உதவும். ஊர்க் கணக்கெடுப்புக்கு நான் இன்னும் அவற்றை நம்பத் தயாரில்லை. சொதியில் முதல்பாலா, மூன்றாம்பாலா என்று படத்துக்குத் தெரியாது. சோற்றுக்கு அடியில் மறைந்த கருவாட்டுத் துண்டும் தெரியாது. படத்தோடு சேர்ந்து அந்த வீட்டின் வறுமையும் படமாகிவிடுகிறது என்பது இன்னொரு விஷயம்.

இரகசியம் பற்றி ஒரு வார்த்தை கட்டாயம். 2018இல் மைஃபிட்னஸ்பால் என்ற உணவுக் கணக்குச் செயலியில் சுமார் 15 கோடிக் கணக்குகளின் விபரம் களவுபோனது. அது பெரிய நிறுவனம். நம் ஊரில் ஒரு வட்சப் குழுவில் போட்ட ஒரு படிவப் படம் போதும். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதில் சுகாதாரத் தரவுக்கு விசேட பாதுகாப்பு. சட்டத்தை விடுங்கள், பேசாலையில் எல்லாரும் எல்லாருக்கும் ஏதோவொரு முறையில் சொந்தம். சொந்தக்காரர் வீட்டுப் படிவத்தை நீங்கள் எடுக்காதீர்கள், குழுவில் வேறொருவருக்கு மாற்றுங்கள். யார் வீட்டில் இரவு உலை வைக்கவில்லை என்பதை உங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லாதீர்கள்.

முதல் வேலை

சி.வி.யில் ‘கணினி அறிவு உண்டு’ என்று எழுதுவதால் ஒன்றும் நடக்காது. கோபோவில் பத்துக் கேள்வியில் பேசாலை உணவுப் படிவம் ஒன்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கட்டி, அதன் இணைப்பைக் கொடுங்கள். தராசு வைத்து நிறுத்த அளவுகளின் அட்டவணையை இணையுங்கள். சூடை, கீரி, பாரை, விளை என்று உள்ளூர்ப் பெயருக்கு எதிரே விஞ்ஞானப் பெயரும் சிங்களப் பெயரும் எழுதிய ஒரு பக்கம் இருந்தால் இன்னும் நல்லது. சிங்களம் பேசத் தெரிந்தால் வாய்ப்பு இரட்டிப்பு; இதை யாரும் வெளியே சொல்வதில்லை.

மேலே படிக்க விரும்பினால், மாகந்துரையில் உள்ள வயம்பப் பல்கலைக்கழகப் பீடத்தில் உணவு விஞ்ஞானமும் போசாக்கும் சேர்ந்த பட்டம் இருக்கிறது. தரவுப் பக்கம் போக வவுனியாப் பல்கலைக்கழகம் கிட்ட. கையில் களவேலை அனுபவத்தோடு போகிற மாணவர், பாடம் நடத்துகிறவர் சொல்வதை வேறு காதால் கேட்பார்.

காசு பேசும்போது ஒன்றைக் கவனியுங்கள். நாளுக்கு இவ்வளவு என்றால் சரி. படிவத்துக்கு இவ்வளவு என்றால் உஷார். அது அவசரத்துக்குக் கொடுக்கிற சம்பளம். படிவம் தொடங்கிய நேரமும் முடித்த நேரமும் கருவியில் தானாகப் பதிவாகும்படி வைத்திருப்பார்கள். முழுநாள் நினைவுமீட்டல் ஆறு நிமிடத்தில் முடிந்திருந்தால் மேற்பார்வையாளருக்குச் சொல்லாமலே விளங்கும்; உங்கள் படிவங்கள் மொத்தமாகக் கழிக்கப்படும், காசும் கழிக்கப்படும். மோட்டார் சைக்கிள் எண்ணெய், போன் டேட்டா, திரும்பப் போக வேண்டிய வீட்டுக்கான செலவு, இவை யாருடைய கணக்கு என்பதைக் கையெழுத்து வைக்க முன்னரே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். முடிந்த பிறகு சேவைக் கடிதமும் கேளுங்கள். அதில் ‘திருப்திகரமாகப் பணியாற்றினார்’ என்ற ஒற்றை வரியை ஏற்காமல், எந்தக் கருவி, எந்த முறை, எத்தனை நேர்காணல் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.